பிள்ளையின் ஓய்வுக்காலத்துக்கு: ரோத் கணக்கா, 529-ஆ, டிரம்ப் கணக்கா?

என் மகளுக்குப் பதினான்கு வயது. 2025-இல் எங்கள் தெருவிலேயே இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். மணிக்கு 15 டாலர். கோடு போட்ட நோட்டு ஒன்றில் தேதி, யார் வீடு, எத்தனை மணி நேரம், கையில் வாங்கினாளா ஸெல் (Zelle) பணப்பரிமாற்றச் செயலியில் வந்ததா என்று வரிசையாக எழுதி வைத்திருந்தாள். டிசம்பர் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 82 மணி நேரம், 1,230 டாலர்.

அந்த நோட்டு இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை. அமெரிக்காவில் பிள்ளையின் பெயரில் ரோத் ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) திறக்க ஒரே ஒரு நிபந்தனைதான் பெரியது: பிள்ளை தானே உழைத்துச் சம்பாதித்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி பிறந்தநாளுக்குக் கொடுத்த பணம், வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை எதுவும் கணக்கில் வராது. வீட்டில் பாத்திரம் கழுவியதற்கும் அறையைப் பெருக்கியதற்கும் நீங்கள் கொடுக்கும் காசும் வராது. வயது ஒரு தடையே இல்லை. மைனர் என்பதால் பெற்றோர் பாதுகாவலராக இருந்து கணக்கை நடத்துவார்கள், அவ்வளவுதான்.

ரோத் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. டெலாவேர் செனட்டர் வில்லியம் ரோத்தின் பெயர்தான் அதற்கு. வரி கட்டிய பணத்தைப் போடுகிறோம். உள்ளே வளர்வதற்கு வரி இல்லை. கணக்குக்கு ஐந்து ஆண்டுகள் நிறைந்து, ஐம்பத்தொன்பதரை வயதுக்கு மேல் எடுத்தால் லாபத்துக்கும் வரி இல்லை. பெரியவர்கள் இதில் பணம் போடும்போது வருமான வரி கட்டிவிட்டுப் போடுகிறார்கள். பிள்ளைக்கோ வருமானம் குறைவு. 2025-இன் நிலையான கழிவு, அதாவது வருமான வரி போடும் முன் கழித்துக்கொள்ளும் தொகை, 15,750 டாலர், அதற்குள் சம்பாதித்தால் வருமான வரியே வராது. போகும்போதும் வரி இல்லை, வரும்போதும் இல்லை. ஒருவர் வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு அனேகமாக இந்த வயதில்தான் கிடைக்கும். நான் ரோத்துக்கு முதல் இடம் கொடுப்பது இதனால்தான்.

ஆனால் ஒரு செலவு உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பது சுயதொழில். நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் வருமான வரி இல்லாவிட்டாலும் சுயதொழில் வரி (நிகர வருமானத்தின் 92.35 சதவீதத்தின் மீது) 15.3 சதவீதம் உண்டு, பிள்ளை பெயரில் ரிட்டர்னும் போட வேண்டும். எங்கள் மகளுக்கு அது சுமார் 174 டாலர் வந்தது. அதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்தபின், ரோத்தில் போடக்கூடிய உச்சம் 1,143 டாலர். பக்கத்து வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போகும் 18 வயதுக்குட்பட்ட மாணவருக்கு, அந்த வீட்டாரின் பணியாளராகக் கருதப்பட்டால், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகள் பொதுவாக இல்லை. பெற்றோர் தனி உரிமையாளராக நடத்தும் கடையில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை வேலை செய்தாலும் அப்படியே. அதே கடை கார்ப்பரேஷனாகப் பதிவாகியிருந்தால் இந்த விலக்கு கிடையாது. நம்மவர்களில் பலர் கன்சல்டிங் வேலையை எஸ்-கார்ப்பாக (ஒரு வகைக் கார்ப்பரேஷன்) வைத்திருக்கிறார்கள், அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சம்பளமும் செய்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘மார்க்கெட்டிங் ஆலோசனை’ என்று ஏழாயிரம் டாலர் எழுதுவது பொய்க்கணக்கு. பிள்ளையின் முதல் வரி ரிட்டர்னையே பொய்யில் தொடங்கி வைக்காதீர்கள்.

சரி, பிள்ளை தன் சம்பாத்தியத்தை எல்லாம் கொண்டுபோய் பூட்டி வைக்குமா? வைக்காது, வைக்கவும் தேவையில்லை. அவள் சம்பாதித்த அளவுக்குள் யாருடைய பணத்தையும் போடலாம். மகள் 300 டாலர் போட்டாள், மீதி 843-ஐ நாங்கள் போட்டோம். உச்சவரம்பு 2025-க்கு 7,000 டாலர், 2026-க்கு 7,500, அல்லது சம்பாதித்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. அடுத்த ஏப்ரல் 15 வரை முந்தைய ஆண்டுக்காகப் போடலாம்.

அப்புறம் நாங்கள் செய்த ஒரு தவறு. பணத்தை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். இரண்டு மாதம் அது ரொக்கமாகவே கிடந்தது. ரோத் என்பது ஒரு பை மாதிரி, உள்ளே எதை வாங்கி வைக்கிறோமோ அதுதான் வளரும். பிறகுதான் மொத்தப் பங்குச் சந்தையையும் அப்படியே பின்பற்றும் குறியீட்டு ஃபண்ட் ஒன்றை வாங்கினோம். ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு வருடத்து 1,143 டாலர் மட்டும் அவளுடைய அறுபதாவது வயதில் 25,000 டாலரைத் தாண்டும். சந்தை எந்த உத்தரவாதமும் தராது. ஆனால் 46 வருட அவகாசம் நமக்குக் கிடைக்காது, அவளுக்குக் கிடைக்கிறது.

அவசரம் வந்தால்? போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம். காத்திருக்க வேண்டியது லாபத்துக்குத்தான். கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தில் ரோத் சொத்தாகக் கணக்கிடப்படுவதில்லை.

இனி 529. இது படிப்புக்கான கணக்கு, ஓய்வுக்காலத்துக்கு அல்ல. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் இதற்கு இடம் உண்டு. 2024 முதல் மீதமான 529 பணத்தை அதே பிள்ளையின் ரோத்துக்கு மாற்றலாம், வாழ்நாள் உச்சம் 35,000 டாலர். நிபந்தனைகள் கறாரானவை: கணக்குத் திறந்து 15 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடைசி ஐந்து ஆண்டுகளில் போட்ட பணம் மாறாது. ஒவ்வோர் ஆண்டும் ரோத் வரம்புக்குள்தான் மாற்ற முடியும், அந்த ஆண்டு பிள்ளைக்குச் சம்பாத்தியமும் இருக்க வேண்டும். அதனால் ஒரு யோசனை: பிள்ளை பிறந்த வருடமே, 25 டாலராக இருந்தாலும், 529-ஐத் திறந்து வையுங்கள். அந்த 15 வருடக் கணக்கு அன்றே ஓடத் தொடங்கிவிடும். படிப்புக்கு அல்லாமல் வெளியே எடுத்தால் லாபத்துக்கு வரியும் 10 சதவீத அபராதமும் உண்டு.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு 529-தான் உள்ளதில் சரியான வழி என்பேன். எச்-4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பக்கத்து வீட்டுப் புல்லை வெட்டிக் காசு வாங்கினால்கூட விசா நிலைக்குச் சிக்கல் வரலாம். ரோத் ஆசைக்காக அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்க வேண்டாம். 529-இன் உரிமையாளர் நீங்கள், பிள்ளை பயனாளி மட்டுமே. அதற்குச் சம்பாத்தியம் கேட்பதில்லை. தோழி ஒருத்தியின் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. அவன் எச்-4, இவள் இங்கே பிறந்தவள். கணக்குப் பாடத்தில் அவன்தான் கெட்டி. ஆனாலும் பாடம் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்க இவளால் முடிகிறது, அவனால் முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மூன்றாவது, டிரம்ப் கணக்கு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் வந்தது, பணம் போடுவது 2026 ஜூலை 4 முதல். 2025 முதல் 2028 முடிய பிறக்கும் அமெரிக்கக் குடியுரிமைக் குழந்தைக்கு அரசே 1,000 டாலர் போடும். உங்கள் பிள்ளை அந்த வருடங்களில் பிறந்ததா, தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பாத்தியம் தேவையில்லை, குடும்பத்தார் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை போடலாம். பணம் செலவு குறைந்த அமெரிக்கக் குறியீட்டு ஃபண்டுகளில் இருக்கும், 18 வயது வரை தொட முடியாது. ஆனால் வரியில்லாக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 18-க்குப் பிறகு மரபான (ரோத் அல்லாத) ஐஆர்ஏ விதிகள்தான். லாபம் எடுக்கும்போது சாதாரண வருமானமாக வரிக்கு உட்படும். அரசு தரும் ஆயிரத்தைத் தாண்டி என் பணத்தை இதில் போடுவதாக இல்லை. சம்பாதிக்கும் வயது வரும்வரை 529-இல் போட்டு, வந்தபின் ரோத்துக்கு மாறுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நம் வீடுகளில் கடைசியாக வரும் கேள்வி ஒன்று இருக்கிறது: வயது வந்ததும் பிள்ளை மொத்தத்தையும் எடுத்துக் கார் வாங்கிவிட்டால்? வாங்கலாம். மாநிலத்தைப் பொறுத்துப் பொதுவாக 18 அல்லது 21 வயதில், ரோத் முழுக்க அவர்கள் கைக்குப் போய்விடும், தடுக்க வழியில்லை. 529-இல் அந்தப் பயம் இல்லை. நாங்கள் இப்போதே மகளுடன் உட்கார்ந்துதான் கணக்கைத் திறந்து பார்க்கிறோம். எந்த ஃபண்டு, ஏன் அது, இந்த மாதம் ஏன் இறங்கியது என்று அவள் கேட்பாள், தெரிந்தவரை சொல்வோம். இந்த வருட நோட்டில் மூன்றாவதாக ஒரு பையன் பெயர் சேர்ந்திருக்கிறது, வியாழக்கிழமை மாலை, ஒரு மணி நேரம்.