குமரி மாவட்டத்தில் எங்கே இறங்குவது: தக்கலையா, மார்த்தாண்டமா?

பத்மநாபபுரம் அரண்மனைதான் குறி என்றால் தக்கலையில் இறங்குங்கள்; 2 கி.மீ.தான், ஆட்டோ போதும். திங்கள் விடுமுறை. மதியம் 1 முதல் 2 வரை பூட்டிவிடுவார்கள். பன்னிரண்டரைக்குப் போனால் பாதியில் வெளியே வர வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கணும். கண்ணாடிபோல மின்னும் அந்தக் கருந்தரை காலுக்குச் சில்லென்றிருக்கும். பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை. 1741இல் குளச்சல் போரில் சரணடைந்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார்!

மார்த்தாண்டம் சந்தை ஊர், அழகை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் திருவட்டாறு, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி மூன்றுக்கும் இதுதான் வசதி. திருவட்டாறு கோயிலில் படுத்திருக்கும் 22 அடி ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். மதியம் நடை சாத்திவிடுவதால் முதலில் அங்கே போங்கள். தேன் வாங்குவதும் மார்த்தாண்டத்தில்தான்.