காளான் அறை கார்பன் ஃபில்டருக்கு ‘ரீஃபில்’: மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் மாடி அறையிலும் வாடகை வீட்டிலும் சிப்பிக்காளான் போடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. வைக்கோல் வேகும் வாடையும் கெட்டுப்போன பையின் நாற்றமும் அக்கம்பக்கம் போகாமலிருக்க எக்ஸாஸ்டில் கார்பன் ஃபில்டர் (நுண்துளைகளில் வாடையைப் பிடித்துவைக்கும் கார்பன் நிரப்பிய உருளை) மாட்டியிருப்பீர்கள். அதில் பழைய கார்பனை எடுத்துவிட்டுப் புதிது நிரப்பி, ரீஃபில் செய்து தருகிறேன் என்று வருகிறவர், தண்ணீர் ஃபில்டர் வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். எங்கள் ஃபில்டரில் கை வைத்தவர் அப்படிப்பட்டவர்தான்.

ஃபில்டரின் அளவு இது: 6 இஞ்ச் வாய், கார்பன் நிற்கும் இடத்தின் வெளிவிட்டம் 30 செ.மீ., உள்விட்டம் 20 செ.மீ., நீளம் 60 செ.மீ. பில்லில் இருந்தது: புது கார்பன் 12 கிலோ, கிலோ 240 ரூபாய், கூலி 600, ஆக மொத்தம் 3,480. முதல் வாரம் நாற்றமே இல்லை, எக்ஸாஸ்ட் வழியாக எலுமிச்சைப்புல் மணம் வந்தது. பத்தாம் நாள் பழைய வாடை திரும்பிவிட்டது. போன் போட்டால், “ஃபேன் பத்தல சார், எட்டு இஞ்ச் போட்டுடலாம்” என்றார். இன்னொரு தடவை, “கயட்டி ரெண்டு நாள் வெயில்ல போடுங்க, புதுசு மாறி ஆயிடும்” என்றார். இரண்டுமே தப்பு. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

மூடியைக் கழற்றிக் கொட்டிப் பார்த்தபோது தெரிந்தவை இவை. மேலே ஒரு சாண் அளவுக்குக் கூர்மையான, பளபளக்கும் புதுக் கார்பன். அதற்குக் கீழே முனை மழுங்கி, வெள்ளைப் புள்ளி படிந்த பழைய சரக்கு. மேலே பழமும் கீழே அழுகலுமாக அடுக்கிய தக்காளிக் கூடையேதான். மொத்த எடை 12.4 கிலோ இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 100 கிராம் எடுத்து ஓவனில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்ததும் 81 கிராமாக இறங்கியது. 19 சதவீதம் தண்ணீர்! பையில் வரும் நல்ல கார்பனில் ஈரம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தராசில் எடை சரியாக நின்றதே ஈரத்தின் புண்ணியத்தில்தான்.

வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வந்தது? நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு எப்படிப்பட்டது என்று தெரியாதவர் இங்கே இல்லை. யாரோ வீட்டுத் தண்ணீர் ஃபில்டரிலிருந்து எடுத்த பழைய கார்பன் அது, படிந்திருப்பது சுண்ணாம்பு. இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு கைப்பிடி கார்பனைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். புதுக் கார்பனே ‘ஸ்ஸ்’ என்று காற்றுக்குமிழி விடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குமிழி அடங்கியபின் தண்ணீரை வடித்துவிட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றுங்கள். மறுபடி நுரை பொங்கினால் அது தண்ணீர் ஃபில்டரில் இருந்துவிட்டு வந்த சரக்கு.

எலுமிச்சைப்புல் மணம் இன்னொரு தந்திரம். கார்பனுக்கு வாசனையே இருக்கக் கூடாது. எண்ணெய் தெளித்தால் ஒரு வாரம் நாற்றம் மறையும். அந்த எண்ணெயே நுண்துளைகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், காளான் அறை வாடைக்கு இடமிருக்காது. அந்துருண்டை, சூடம் போட்டாலும் இதே கதிதான்.

வெறும் கொட்டாங்குச்சிக் கரியை உடைத்துப் போட்டுத் தருவதும் உண்டு. கரி வேறு, ஆக்டிவேட்டட் கார்பன் வேறு. சிரட்டைக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவி விட்டுச் சுட்டால்தான் உள்ளே நுண்துளை திறக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மீன் தொட்டிக் கடையில் மெத்திலீன் ப்ளூ கிடைக்கும். இரண்டு டம்ளர் தண்ணீரில் அடர் நீலம் வரும்வரை சொட்டு விட்டு, ஒன்றில் நம்பகமான கார்பன் ஒரு ஸ்பூன், இன்னொன்றில் சந்தேகச் சரக்கு ஒரு ஸ்பூன், இரண்டையும் நன்றாகப் பொடித்துப் போட்டுப் பத்து நிமிடம் கலக்கி, துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கரி போட்டது நீலமாகவே நிற்கும்.

இப்போது அந்த இரண்டு ‘யோசனை’களுக்கு வருவோம். அக்கினி நட்சத்திர வெயிலிலும் ஈரம் மட்டும்தான் போகும். துளைக்குள் பிடித்துவைத்த வாடையை விரட்ட, சுட்டெடுத்த அந்தச் சூடு திரும்ப வேண்டும். அது சூளை வேலை, மொட்டை மாடியில் நடக்காது. ஃபேன் கணக்கு இன்னும் எளிது. இந்த ஃபில்டரில் கார்பன் நிற்கும் இடம் 23.6 லிட்டர். 200 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 200 கன அடி காற்று) ஃபேன் என்றால் வினாடிக்கு 94 லிட்டர் காற்று, கார்பனோடு உறவாட கால் வினாடி கிடைக்கும். அவர் சொன்ன எட்டு இஞ்சில் 700 சி.எஃப்.எம். ஃபேன் வைத்தால் 0.07 வினாடிதான். வாடை ஒட்டுவதற்குள் காற்று வெளியே போய்விடும். பெரிய ஃபேன் விற்கிறவருக்கு லாபம், தெருவுக்கு நாற்றம்.

வாங்கும்போது 25 கிலோ சீல் பையாக வாங்குங்கள். இந்த அளவு ஃபில்டர் இரண்டுக்குக் காணும், நண்பரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். சிரட்டைக் கார்பன், 4×8 மெஷ் (அதாவது 2.36 முதல் 4.75 மி.மீ. வரை), அயோடின் எண் (நுண்துளைகள் எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கான அளவு) 1000 பக்கம். சான்றிதழில் உள்ள பேட்ச் எண்ணும் பையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பில்லில் எச்.எஸ்.என். (சரக்கின் வகையைக் காட்டும் குறியீட்டு எண்) 3802 என்று தொடங்கினால் ஆக்டிவேட்டட் கார்பன். 4402 என்றால் கரி. எங்களுக்குக் கிடைத்தது ‘கார்பன் சார்ஜ்’ என்று எழுதிய துண்டுச் சீட்டு. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

நிரப்புவது ஒரு மணி நேர வேலை. என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, 2 மி.மீ. சல்லடையில் சலித்துத் தூளை ஒதுக்குங்கள். கழுவவே கூடாது, கழுவிப் போடுவது தண்ணீர் ஃபில்டர் பழக்கம். ஃபில்டரை நிமிர்த்தி வைத்து, மூன்று கிலோ போட்டதும் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் இரண்டு நிமிடம் தட்டுங்கள். இப்படி நாலு தவணை. மட்டம் இறங்க இறங்க மேலே சேர்த்து, மூடிக்கு அடியில் ஃபோம் வளையம் வைத்து இறுக்குங்கள். மொத்தம் பதினொன்றரை முதல் 12 கிலோ பிடிக்கும். தட்டாமல் நிரப்பிப் படுக்கையாகத் தொங்கவிட்டால் கார்பன் கீழே இறங்கி, மேற்பக்கம் நாலு விரல் வெற்றிடம் விழும். காற்றுக்கு அது ராஜபாட்டை. எங்களுடையதிலும் அந்த வெற்றிடம் இருந்தது. மாட்டுவதற்கு முன் வெளியில் வைத்து அரை மணி நேரம் ஃபேனை ஓட்டினால் மீதித் தூளும் போய்விடும்.

நல்ல சரக்கையும் காளான் அறை சீக்கிரம் கெடுத்துவிடும். அங்கே ஈரப்பதம் 80 முதல் 90 வரை நிற்கிறது. 70ஐத் தாண்டினால் துளையெல்லாம் நீராவிக்கே சரியாகிவிடும். அதனால் ஃபில்டரை வளர்ப்பறைக்குள் தொங்கவிடாமல், பக்கத்து உலர்ந்த அறை வழியாகவோ தகரக் கூரைக்குக் கீழான சூடான டக்ட் வழியாகவோ காற்றைக் கொண்டுபோங்கள். 26 டிகிரியில் 90 சதவீதம் ஈரப்பதமுள்ள காற்று 32 டிகிரிக்கு ஏறினால் ஏறக்குறைய 64க்கு இறங்கிவிடும். வெளியுறைத் துணியில் சிப்பிக்காளான் வித்துத்தூள் வெள்ளையாக அப்பும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபிறகே மாட்டுங்கள்.

ஏமாந்தவர்கள் பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ரீஃபில் செய்கிறவர் பழைய கார்பனை ‘நானே எடுத்துட்டுப் போறேன்’ என்று கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, மண்ணோடு கலந்து குழியில் போட்டு மூடுங்கள். காயவைத்து அடுத்த வீட்டு ஃபில்டருக்குப் போகும் சரக்கு அதுதான்.