இரட்டைக் குழாய் வாட்டர் சேனல்: அந்த 5 ஹெர்ட்ஸ் தொல்லை

ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரு குழாய்கள் மேல் நீரை ஓட்டி, அவற்றின் மேல் விழும் விசையை அளக்கும் ஆய்வுக் கருவி இந்த வாட்டர் சேனல். பம்ப் பேரிங் மாற்றியாகிவிட்டது, சேனல் மறுபடி ஓடுகிறது. விலையும் இறங்கியிருப்பதால் இதே மாதிரி ஒன்றை வாங்கலாமா என்று காட்பாடி நண்பர் கேட்கிறார். முதலில் திட்டிவிடுகிறேன்.

25 மி.மீ. குழாயை நிறுத்தி நீரை விநாடிக்கு 0.31 மீட்டரில் விட்டால், ஸ்ட்ரூஹல் எண் (கழலும் வேகத்தை விட்டத்தோடும் நீரின் வேகத்தோடும் இணைக்கும் எண்) 0.2 கணக்கில், குழாயின் பின்னால் சுழல்கள் சுமார் 2.5 ஹெர்ட்ஸில் கழலும். குறுக்கு விசை அதே 2.5; ஓட்டத் திசையில் இழுவிசை ஏறி இறங்குவது இரு மடங்கு, 5 ஹெர்ட்ஸ். இந்த வேகத்துக்கு விஎஃப்டியை (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) 10 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டியிருக்கிறது. நான்கு துருவ மோட்டார், ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சுற்று, விநாடிக்கு 5! இம்பெல்லர் பேலன்ஸ் கொஞ்சம் தவறினாலும் அந்த அதிர்வு சேனலைத் தாங்கும் சட்டம் வழியாக, விசையை அளக்கும் லோட் செல்லுக்கு ஏறி, அதிர்வெண் வரைபடத்தில் நாம் தேடும் 5 ஹெர்ட்ஸ் முனையின் (உச்சத்தின்) மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

சந்தேகமிருந்தால் டெலிவரி வால்வை மூடி, அதே 10-ல் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நீர் நகராமலே 5-ல் முனை தெரிந்தால் அது பம்ப்தான். விஎஃப்டியை 15-க்கு ஏற்றி, வால்வைத் திருகி பழைய வேகத்துக்கு இறக்கினால் மோட்டார் 7.5-க்கு நகரும், ஆனால் கொந்தளிப்பு கூடி, அதை அடக்கும் வேலை ஹனிகோம்ப் (நீரோட்டத்தைச் சீராக்கும் தேன்கூட்டுத் தட்டு) தலையில் விழும். பம்புக்குத் தனி கான்கிரீட் மேடை, இரு பக்கமும் அதிர்வைக் கடத்தாத ரப்பர் பெல்லோஸ் இணைப்பு என்பதே ஒழுங்கான வழி. தயாரித்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

இரண்டாவது குழாயை நகர்த்தும் தண்டவாளம் மட்டும் அருமை. பின்னைக் கழற்றி மாட்டினால் இடைவெளி அரை விட்டம் அரை விட்டமாக மாறும். இரண்டையும் இறுக்கிப் பூட்டி 3 விட்டத்தில் வைத்தால் நடுவில் சுழல் பெரும்பாலும் கழல்வதே இல்லை. 4-ஐத் தாண்டியதும் முன் குழாய் கழற்றுவது பின்னதன் மேல் வந்து அறையும். பின் குழாயை ஸ்பிரிங்கில் விட்டால் இன்னும் வேடிக்கை. வேகம் கூடினால் தனிக் குழாய் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும், முன் குழாயின் நிழலில் நிற்பது அடங்காமல் ஆட்டத்தைக் கூட்டும். பின்னதன் மேல் இழுவிசையும் குறைவு. கடலில் முன் ரைசர் (கடலடியிலிருந்து எண்ணெயை மேலே கொண்டுவரும் குழாய்) அதிகம் சாய்ந்து பின்னதில் போய் முட்டுவது இதனால்தான். சுழலை உடைக்க 0.25 விட்ட உயர ஸ்ட்ரேக் (திருகு வடிவ விளிம்பு) சுற்றினாலும், ஆட்டம் முன்னதில் அடங்கும் அளவுக்குப் பின்னதில் அடங்காது.

வேலூர் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு படிந்து அக்ரிலிக் மங்கிவிடும். மே மாதத்தில் தொட்டி நீர் 35 டிகிரிக்குப் போனால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் தன்மையைச் சொல்லும், நீரின் பிசுக்கைப் பொறுத்து மாறும் எண்) 25 டிகிரியில் இருந்த 8,700-லிருந்து 10,700 ஆகிவிடும். வெப்பநிலை குறிக்காத ரீடிங் வீண்.

தண்டவாளத்தை இவ்வளவு புகழ்ந்தும், இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பம்ப் இல்லாமல் சேனலும் தண்டவாளமும் மட்டும் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் பேரம் பேசாமல் எடுத்துவிடுங்கள்.