ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம்: விசாரணைக் குழுவில் இருப்பவரின் மதிப்புரை

ஆய்வு முறைகேடு குறித்த புகார் ஒன்று பல்கலைக்கழகத்துக்கு வந்ததும், முதல்நிலை விசாரணைக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய கட்டுரைகளில் ஏதேனும் திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா, அதாவது வெளியிட்ட இதழே அதை நம்பத்தக்கதல்ல என்று விலக்கியிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான். அத்தகைய குழுக்களில் அமர்ந்த காலம் முழுவதும் இந்தத் தேடலுக்கு நான் நம்பியிருந்தது, அவ்வாறு திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம். 2010இல் மருத்துவ இதழியலாளர்களான ஐவன் ஒரான்ஸ்கியும் ஆடம் மார்கஸும் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த இதனை 2023 செப்டம்பரில், ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடையாள எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி, முழுத் தரவையும் யாரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளும்படி திறந்துவிட்டது.

தேடும் முறை எளிது. ஆசிரியர் பெயர், இதழ், நிறுவனம், நாடு, காரணம் என எதைக் கொண்டும் வடிகட்டலாம். லான்செட் மருத்துவ இதழில் 1998இல் வெளிவந்து, தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையைத் தேடினால், அது 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது என்பது இரண்டு தேதிகளிலேயே தெரிந்துவிடுகிறது. இடையில் கழிந்த 12 ஆண்டுகளை எந்த விளக்கவுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது.

ஆனால் இதன் உண்மையான மதிப்பு, ஏன் திரும்பப் பெறப்பட்டது என்று குறிக்கும், பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் காரணப் பகுதியில் இருக்கிறது. ஒருமுறை எங்கள் குழுவுக்கு வந்த கடிதத்தில், "இவருடைய மூன்று கட்டுரைகள் ஏற்கெனவே திரும்பப் பெறப்பட்டவை" என்பதே முதல் குற்றச்சாட்டாக இருந்தது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. காரணங்களைப் படித்தபோதோ, ஒன்று பதிப்பகமே தவறுதலாக ஒரே கட்டுரையை இருமுறை வெளியிட்டதால் நேர்ந்தது. மற்றொன்று, கணக்கீட்டில் பிழை இருந்ததை ஆசிரியரே கண்டு இதழுக்கு எழுதியதால் நேர்ந்தது. மூன்றாவது மட்டுமே விசாரிக்கத் தக்கதாக இருந்தது. தரவுகளைப் புனைதல், திரித்தல், பிறர் எழுத்தைத் திருடுதல் ஆகியவற்றையே முறைகேடு என வரையறுத்து, நேர்மையான பிழையை அதிலிருந்து விலக்கிய அமெரிக்க அரசின் 2000ஆம் ஆண்டுக் கொள்கையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டவரை ஏமாற்றுக்காரரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது விசாரணையே அன்று.

குறை என்று சொல்வதானால், அது தரவுத்தளத்தைவிட இதழ்களையே சாரும். "ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி திரும்பப் பெறப்படுகிறது" என்று ஒற்றை வரியோடு இதழ் நிறுத்திக்கொள்ளும்போது, பதிவேடு மட்டும் அதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? அவ்வாறான அறிவிப்புகளுக்கு, போதிய விவரம் இல்லை என்று குறிக்கும் தனி வகையே இதில் இருக்கிறது என்பது கசப்பான வேடிக்கை. ஒரே பெயருடையவர்கள் கலந்து வருவதும் தொல்லைதான். நிறுவனப் பெயரையும் சேர்த்துச் சரிபார்க்காமல் எவர் மீதும் எதையும் எழுதக்கூடாது.

இன்னொன்றையும் இதில் எதிர்பார்க்க முடியாது: எப்படி நடந்தது என்ற கதை. நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீடரிக் ஸ்டாபலின் திரும்பப் பெறப்பட்ட 58 கட்டுரைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் அவருடைய துறையிலேயே இருந்த இளம் ஆய்வாளர்கள் 2011இல் அவர் தரவுகளைப் புனைந்ததை எப்படி வெளிக்கொணர்ந்தார்கள், மூத்தவர்கள் ஏன் அவ்வளவு காலம் கவனிக்கவில்லை என்பதை, டில்பர்க், குரோனிங்கன், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகங்களின் குழுக்கள் 2012இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில்தான் படிக்க முடியும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தம் அறிக்கைகளைப் பூட்டியே வைத்திருப்பதால், அந்த வெற்றிடம் தரவுத்தளத்திலும் அப்படியே தெரிகிறது. பதிவில் ஒருவர் பெயர் இல்லை என்பதும் அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சான்றாகாது. விசாரணை முடிந்த பிறகும் இதழ்கள் கட்டுரையைத் திரும்பப் பெற மாதக்கணக்கிலும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் எடுத்துக்கொள்கின்றன.

தனி ஆய்வாளர்களுக்கு, மேற்கோள்களைச் சேமித்து வைக்க உதவும் ஜோட்டெரோ மென்பொருளின் வழியே இது தானாகவே வந்து சேர்கிறது. சேமித்த மேற்கோள்களுள் ஒன்று திரும்பப் பெறப்பட்டால் சிவப்பு எச்சரிக்கை தோன்றும். குழுவில் இருப்பவர்களுக்கு என் நடைமுறையைச் சொல்கிறேன்: புகார் வந்த நாளன்றே முழுத் தரவையும் பதிவிறக்கி, தேடிய தேதியைக் குறித்து, கோப்பில் வைத்துவிடுகிறேன். விசாரணை நீளும் மாதங்களில் பதிவுகள் கூடிக்கொண்டே போகும். முதல் நாள் நாங்கள் எதைப் பார்த்து முடிவெடுத்தோம் என்று பின்னர் மேல்முறையீட்டில் கேட்கும்போது, காட்டுவதற்கு அந்த ஒரு கோப்புதான் இருக்கும்.