ஞாயிற்றுக்கிழமை: வண்டலூரா, மாமல்லபுரமா?

தாம்பரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வருகிற குழப்பம் இது.

தூரம்: வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு மின்சார ரயிலே போதும், ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். மாமல்லபுரத்துக்குக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல். மாலை திரும்பும்போது நெரிசல் தனி.

செலவு: மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், 40 ரூபாய். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். பூங்காவில் நுழைவு, கேமரா, பேட்டரி வண்டி, சிங்க உலா (வண்டியில் போய்ச் சிங்கம் பார்க்கும் சஃபாரி) எல்லாம் தனித்தனி.

நடை: பூங்கா சுமார் 600 ஹெக்டேர். பேட்டரி வண்டி இல்லாமல் தாத்தா பாட்டியை அழைத்துப் போகவே வேண்டாம். ஒன்பது மணிக்கே உள்ளே போய், முதலில் உலா வரிசையில் நில்லுங்கள். வெயில் ஏறினால் புலி நிழலில் படுத்துவிடும், குழந்தை சிணுங்கும். மாமல்லபுரத்தில் வெயில்தான் எதிரி. மூன்றரைக்கு மேல் போங்கள். அங்கே கடலில் இழுப்பு அதிகம், கால் நனைப்பதோடு சரி.

சாப்பாடு: வண்டலூர் என்றால் தாம்பரத்திலேயே டிபனை முடித்துவிடுங்கள். மாமல்லபுரத்தில் மீன், இறால் பிரமாதம். ஆனால் எடை போட்டு விலை சொல்வார்கள், பொரிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து வயதுக்குள் பிள்ளைகள் என்றால் பூங்கா. வளர்ந்த பிள்ளைகள், வெளியூர் விருந்தாளிகள் என்றால் மாமல்லபுரம். செவ்வாய் லீவு கிடைத்தாலும் அதுதான்: அன்று பூங்கா மூடியிருக்கும்.