விசிவி ரேக்கில் சொந்த மாட்யூல் எழுதுவது: நீண்ட நாள் புழக்கத்தில் கண்டது

விசிவி ரேக் என்ற இசை மென்பொருளைப் பல வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். இதைப் பற்றி வருகிற அறிமுகங்கள் பெரும்பாலும் "இலவசம், ஆயிரக்கணக்கில் மாட்யூல் இருக்கு, இறக்கிக்குங்க" என்று சொல்லி முடிந்துவிடுகின்றன. நானும் ஆரம்பத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கி வைத்தேன், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இந்த மென்பொருள் உண்மையில் பிடிபட்டது சொந்தமாக ஒரு மாட்யூல் எழுதிய பிறகுதான். கர்நாடக சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்த காதோடு இதன் முன்னால் உட்காருகிற யாரும் சீக்கிரமே அந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. மாடுலர் சிந்தசைசர் என்றால் ஒலியை உண்டாக்குவது, வடிகட்டுவது, அளவைக் கூட்டிக் குறைப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பெட்டி, அந்தப் பெட்டிதான் மாட்யூல். அவற்றை ஒயரால் நாமே இணைத்துக்கொள்ள வேண்டும். 1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ஒரு அளவுமுறையைக் கொண்டுவந்தார், அதுதான் யூரோராக். அந்த உலகத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது ரேக். ஆண்ட்ரூ பெல்ட் 2017-ல் வெளியிட்டார், 2019-ல் முதல் முழுப் பதிப்பு, 2021 நவம்பரில் இரண்டாம் பதிப்பு. மூல நிரல் திறந்தே இருக்கிறது. காரைக்குடியில் இருந்துகொண்டு நிஜ யூரோராக் சேர்ப்பது என்றால் ஒவ்வொரு பெட்டியையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து சுங்கமும் கட்ட வேண்டும். பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் போதும் என்பது என் போன்றவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

சரி, சொந்த மாட்யூல் எதற்கு? ரேக்கில் சுருதி என்பது வோல்ட். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். பூஜ்ஜியம் வோல்ட் என்றால் 261.6256 ஹெர்ட்ஸ், நம் கணக்கில் ஒரு கட்டை. ஸ்வரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தக் குவாண்டைசர் என்ற மாட்யூல் உண்டு, வழக்கமான குவாண்டைசர்கள் ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்துவிடும். பியானோவுக்கு அது போதும்.

ஒருநாள் மோகனத்தை அப்படி ஓடவிட்டு எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் (முன்கூடத்தில்) ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கிற டீச்சர் எங்கள் அப்பத்தாவைப் பார்க்க வந்திருந்தார். சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்துப் பேர் வாங்கித் தந்த ஊர் இது, இங்கே வீணைக்காரர்களின் காதுக்குத் தனி மதிப்பு. கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"தம்பி, ஸவும் பவும் சுத்தமா நிக்குது. காந்தாரம்தான் கொஞ்சம் ஏத்தமா கேக்குது."

"எவ்வளவு இறக்கணும் டீச்சர்?"

"தம்புரால மந்தரத்தை மட்டும் மீட்டிக் கேளுங்க, அதுக்குள்ளயே காந்தாரம் இருக்கும். அதோட போய்ச் சேரணும்."

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அப்படியே பொருந்தியது. தம்புராவின் மந்தரத் தந்தியிலிருந்து எழும் ஐந்தாவது ஹார்மானிக்தான் (அடிப்படை அதிர்வைப் போல ஐந்து மடங்கு) அந்தர காந்தாரம், இரண்டு ஸ்தாயி இறக்கினால் ஷட்ஜத்தோடு அதன் விகிதம் 5/4. வோல்ட்டில் அது 0.3219. பன்னிரண்டு சம பாகக் கணக்கிலோ 0.3333. வித்தியாசம் கிட்டத்தட்ட 14 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு, சங்கீதம் பழகிய காது விடாது. பஞ்சமத்துக்கு 3/2, அது 0.5850 வோல்ட், சம பாகத்தில் 0.5833. இரண்டு சென்ட்தான் விலகல், அதனால்தான் ப சுத்தமாக இருக்கிறது என்றார். டீச்சர் கையில் எந்த மீட்டரும் இல்லை!

விகிதத்தை ஏற்றுக்கொள்கிற குவாண்டைசர்களும் ரேக்கின் மாட்யூல் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் கட்டையைத் திருப்ப ஒரு குமிழ், ஸ்வரங்களுக்குப் பன்னிரண்டு பொத்தான், ஒவ்வொன்றின் விகிதத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதி, எல்லாம் ஒரே பலகையில், தமிழ் எழுத்தில், இப்படி எனக்கு வேண்டும். அதைத்தான் எழுதினேன்.

சி ப்ளஸ் ப்ளஸ் கொஞ்சம் தெரிந்தால் போதும், பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ரேக்கின் எஸ்டிகேயை (மாட்யூல் எழுதுவதற்கான கருவித் தொகுப்பை) இறக்கினால் கூடவே ஹெல்பர் என்று ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வரும். முதலில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் மாட்யூலின் முகப்புப் பலகையை வரைய வேண்டும். உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்கு. நிஜ யூரோராக்கின் அதே அளவுகள். குமிழ் வரும் இடத்தில் சிவப்பு வட்டம், ஒயர் வழியே சிக்னல் உள்ளே வரும் துளைக்குப் பச்சை, வெளியே போகும் துளைக்கு நீலம், விளக்குக்கு மெஜந்தா. இவற்றைத் தனி லேயரில் போட்டு ஹெல்பரை ஓடவிட்டால் நிறத்தைப் பார்த்தே நிரலின் எலும்புக்கூட்டை எழுதிக் கொடுத்துவிடும். பலகையில் உள்ள எழுத்தையெல்லாம் பாத்தாக மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் ரேக் படத்திலுள்ள எழுத்தை எழுத்தாகப் படிக்காது. இதில் நமக்கு ஒரு லாபம். எழுத்து கோடாக மாறிவிடுவதால் கொம்பு, கால் எதுவும் சிதறாமல் தமிழ் அச்சாக வந்துவிடுகிறது. 'கட்டை', 'லகு', 'த்ருதம்' என்று எழுதிய பலகை திரையில் வந்து நின்றபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் பெரிது.

அதன்பின் வேலை எல்லாம் ப்ராசஸ் என்கிற ஒரே ஃபங்ஷனில்தான். 48,000 சாம்பிள் ரேட்டில் (ஒலியை விநாடிக்கு அத்தனை துண்டாகக் கணக்கிடும் வேகத்தில்) ஓடினால் ரேக் அதை விநாடிக்கு 48,000 தடவை கூப்பிடும். ஒவ்வொரு தடவையும் துளையில் என்ன வோல்ட் இருக்கிறது என்று படிக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், வெளியே எழுத வேண்டும், அவ்வளவுதான். குவாண்டைசரில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலில் கட்டைக்கான வோல்ட்டைக் கழித்துவிட்டு ஸ்வரத்தைத் தேட வேண்டும், தேடி முடித்த பிறகு திரும்பக் கூட்ட வேண்டும். இரண்டரைக் கட்டை என்றால் 0.25 வோல்ட். வரிசையை மாற்றினால் ஷட்ஜம் நகர்ந்தாலும் மற்ற ஸ்வரங்கள் ஒரு கட்டைக்கு வகுத்த இடத்திலேயே நின்றுவிடும். அடுத்தது, வருகிற வோல்ட் இரண்டு ஸ்வரத்துக்கும் நட்ட நடுவில் தயங்கி நின்றால் ரிஷபமும் காந்தாரமும் மாறி மாறித் துடிக்கும். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகே மாற வேண்டும் என்று ஒரு சலுகை வைத்தால் அடங்கிவிடும்.

இன்னொரு மாட்யூல் தாளத்துக்கு. ரேக்கில் வருகிற சீக்வென்சர்கள் (ஸ்வரங்களை வரிசையாக ஓட்டும் மாட்யூல்கள்) பல எட்டு, பதினாறு என்று கட்டம் போட்டவை. ஆதி தாளம் எட்டு அட்சரம்தான் என்றாலும் அதன் 4 + 2 + 2 என்ற அமைப்பு அந்தக் கட்டத்தில் தெரியாது, மிஸ்ர சாபுவின் 3 + 4 பற்றிச் சொல்லவே வேண்டாம். என் மாட்யூலில் லகுவுக்கும் (ஆதியில் அந்த 4) த்ருதத்துக்கும் (அந்த 2) தனித்தனித் துளை, தாளம் தொடங்கும் சமத்துக்கு மட்டும் இன்னொன்று. எழுதுவது சுலபம், ஓடவிட்டபின் ஒரு நுணுக்கம் வெளியே வரும். ரேக்கில் ஒவ்வொரு கேபிளும் ஒரு சாம்பிள் தாமதம் சேர்க்கிறது. காதுக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் ரீசெட் (ஆரம்பத்துக்குத் திரும்பு என்கிற சிக்னல்) ஒரு வழியிலும் க்ளாக் (அடுத்த அட்சரத்துக்குப் போ என்கிற துடிப்பு) இன்னும் இரண்டு மாட்யூலைச் சுற்றிக்கொண்டும் வந்தால் ரீசெட் முதலில் வந்து சமத்தில் நிறுத்தும், பின்னாலேயே க்ளாக் வந்து அடுத்த அட்சரத்துக்குத் தள்ளிவிடும். தாளம் ஒரு எண்ணிக்கை முன்னால் போய்விடும். ரீசெட் வந்த பிறகு ஒரு மில்லிவிநாடிக்கு க்ளாக்கைக் கண்டுகொள்ளாதே என்பது ரேக்கின் வழிகாட்டியிலேயே இருக்கிற விதி. வோல்ட் பற்றிய அந்தப் பக்கத்தை நிரலில் கை வைப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

தவில் வாசிக்கிற நண்பர் ஒருவரோடு இதைச் சோதித்தோம். வலந்தலையில் ஒரு காண்டாக்ட் மைக்கை ஒட்டி, அடியின் பலத்தை வோல்ட்டாக்கி, அதிலிருந்து க்ளாக் எடுத்தோம். வோல்ட் மேலே ஒரு அளவைத் தாண்டினால் ஒரு அடி, நன்றாகக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த அடியை எண்ணலாம். இதற்கு ஷ்மிட் ட்ரிகர் என்ற ஆயத்தமான வசதி எஸ்டிகேயிலேயே இருக்கிறது. ஆடியோ பிளாக்கை (ஒரே தடவையில் அனுப்பும் ஒலியின் அளவை) 256 சாம்பிளில் வைத்தால் ஒரு பிளாக்குக்கு ஐந்து மில்லிவிநாடிக்குச் சற்று மேல் தாமதம். அவர் காலப்பிரமாணத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் ரேக்கில் ஓடிய ட்ரோனும் (விடாது ஒலிக்கும் சுருதியும்) கூடவே தளர்ந்து வந்தது. மெஷினுக்குப் பின்னால் ஓடாமல் மெஷினைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு வாசித்ததில் அவருக்கு ரொம்பத் திருப்தி, எனக்கும்தான்.

கமகம் தனிக் கதை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க ஸ்லூ லிமிட்டர் (வோல்ட் மாறுவதை மெதுவாக்கும் மாட்யூல்) போதும், அதுவும் வோல்ட்டில் வழுக்குவதால் காதுக்குச் சீராகவே இருக்கும், ஏனென்றால் வோல்ட் ஏற்கனவே ஸ்தாயிக் கணக்கில்தான் இருக்கிறது. ஜாரு ஓரளவுக்குக் கிடைத்துவிடும். ஸ்வரத்தை ஆட்டிப் பாடுகிற கம்பிதம் அப்படி இல்லை. தோடி காந்தாரத்தை எடுத்தால் எங்கே நின்று ஆடுகிறது, எவ்வளவு தூரம் மேலே தொடுகிறது, எந்த வேகத்தில் ஆரம்பித்து எங்கே நிதானிக்கிறது என்பதெல்லாம் பிரயோகத்துக்குப் பிரயோகம் மாறும். ஒரு எல்எஃப்ஓவை (ஒரே சீராக மெதுவாய் ஏறி இறங்கும் அலையை) கொண்டுவந்து சேர்த்தால் கிடைப்பது வெறும் நடுக்கம். மூன்று நான்கு புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றுக்கிடையே வளைந்து போகிற மாட்யூலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு புள்ளிக்கும் அடைகிற நேரமும் தங்குகிற நேரமும் தனி. சங்கராபரண ரிஷபத்துக்கு ஏற்றுக்கொள்ளும்படி வந்திருக்கிறது, தோடி இன்னும் வரவில்லை.

வேகம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரேக் ப்ராசசரை நன்றாகவே சாப்பிடும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் லேப்டாப் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொண்டால் ஒலியில் படபடவென்று வெடிப்பு வரும். எஃப் 3-ஐ அழுத்தினால் ஒவ்வொரு மாட்யூலும் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும், அதைப் பார்க்காமல் எதையும் குற்றம் சொல்லாதீர்கள். சொந்த மாட்யூலில் செய்யக்கூடியது நிறைய. விளக்குகளை ஒவ்வொரு சாம்பிளுக்கும் மாற்ற வேண்டியதில்லை, க்ளாக் டிவைடர் வைத்து எப்போதாவது மாற்றினால் போதும். ஒரு கேபிளில் ஒரே நேரத்தில் 16 குரல் வரை போகலாம், அவற்றை நான்கு நான்காக ஒரே கணக்கில் முடிக்கவும் வழி இருக்கிறது. கரண்ட் போனாலும் பேட்ச் (மாட்யூல்களை இணைத்து வைத்த அமைப்பு) தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும், இது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

எதிரொலி மாட்யூல் இந்த வீட்டில் எனக்குத் தேவைப்படவே இல்லை. ஆத்தங்குடி கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி மெருகேற்றிய சுவர், உயரமான கூரை. பட்டாசாலையில் ஸ்பீக்கரை வைத்து ஒலிக்கவிட்டு வளவில் மைக்கை வைத்துப் பதிவுசெய்தால் எந்த மென்பொருளும் தராத ஒரு தன்மை வருகிறது. வளவு திறந்தவெளி என்பதால் ஒலி தங்காமல் மேலே போய்விடும், மைக் இருக்கும் இடத்தை நகர்த்தி நகர்த்தி வேண்டிய அளவைப் பிடித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மட்டும் இது நடக்காது.

மாட்யூலின் பதிப்பு எண்ணில் முதல் இலக்கமும் ரேக்கின் பதிப்பு எண்ணில் முதல் இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனபோது எழுதியவர்கள் மறுபடி கம்பைல் செய்து (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றி) தராத மாட்யூல்கள் பின்தங்கிவிட்டன. நான் விரும்பிய ஒன்றும் அப்படிப் போயிற்று, அதை நம்பிச் செய்த பேட்ச்களைப் பழைய ரேக்கில்தான் திறக்க முடிகிறது. சொந்தமாக எழுதியதில் அந்தக் கவலையே இல்லை, இரண்டாம் பதிப்புக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து நானே கம்பைல் செய்துகொண்டேன்.

பணம் கொடுத்து ப்ரோ வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேறொரு ரெகார்டிங் மென்பொருளுக்குள் ரேக்கை ப்ளகின்னாக வைத்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது, தனியாக ஓட்டுகிறவர்களுக்கு இலவசப் பதிப்பே தாராளம். கார்டினல் என்று ரேக்கிலிருந்து பிரிந்த ஒரு இலவசக் கிளை இருக்கிறது, அதுவும் ப்ளகின்னாக ஓடும். ஆனால் மாட்யூல்களெல்லாம் அதற்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டவை, நம்முடையதைச் சேர்க்க முழுதையும் நாமே கம்பைல் செய்ய வேண்டும்.

முதல் மாட்யூலாக ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டரை எடுக்காதீர்கள். ரம்பம் போன்ற அலையை நேரடியாகக் கணக்கிட்டால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிற ஹார்மானிக்குகள் மடங்கி, ஸ்வரத்தோடு ஒட்டாத ஓசையாகக் கீழே வந்து விழும், அதைச் சரிசெய்யத் தனிப் படிப்பே வேண்டும். தாளம், குவாண்டைசர் மாதிரி வோல்ட்டை மட்டும் கையாளுகிறதில் தொடங்குங்கள். சி ப்ளஸ் ப்ளஸ் தெரியாவிட்டால் ப்ரோட்டோடைப் என்ற மாட்யூலை இறக்கிக்கொள்ளுங்கள். ஆறு குமிழ், ஆறு உள்துளை, ஆறு வெளித்துளை. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிச் சேமித்த உடனே ஓடத் தொடங்கிவிடும். தாள மாட்யூலின் முதல் வடிவத்தை அதில்தான் எழுதிப் பார்த்தேன். அப்புறம் எஸ்டிகேக்கு வரும்போது அதை வைக்கிற ஃபோல்டரின் பெயரில், அதற்கு மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரிலும்கூட, இடைவெளி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கம்பைல் ஆகாது, பிழைச் செய்தியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.