இணையச் சண்டையும் என் கொப்பியும்: இரண்டு வருட அனுபவம்

வட்ஸ்அப் குழுமத்தில் வாக்குவாதப்படும்போது நான் எழுதும் சொற்கள் என்னையே என்ன செய்கின்றன என்று ஒரு கொப்பியில் குறித்து வைக்கும் பழக்கத்தை 2023 ஆம் ஆண்டு ஆனி மாதம் தொடங்கினேன். திருகோணமலையில் என்னோடு படித்தவர்களின் குழுமம் அது. பாதிப்பேர் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பதால், இங்கே ஊர் உறங்கினாலும் அங்கே யாராவது விழித்திருப்பார்கள், சண்டைக்கும் ஓய்விராது. நூலகத்துக்குப் புத்தகம் வாங்கச் சேர்த்த பணத்தின் கணக்கைப் பற்றியே அப்போது மோதிக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நின்ற மான்களை மகள் எனக்குக் காட்டியிருக்கிறாள். நானும் நிமிர்ந்து பார்த்து "ம்" என்றேனாம். எனக்கு அது நினைவில்லை. அந்த நேரத்தில் நான் தேடிப்பிடித்த சொல் மட்டும் இன்றும் நினைவிருக்கிறது: அரைவேக்காடு.

மறுநாளே எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். எழுதிய வாக்கியம், அனுப்பிய நேரம், உறங்கிய நேரம், காலையில் முதலில் வந்த நினைப்பு ஆகிய நான்கையும் குறிப்பதே ஏற்பாடு. ஒரு பதிலை அனுப்புமுன் பத்துத் தடவையாவது வாசித்துத் திருத்துகிறேன் என்பதும், அனுப்பிய பின் எதிராளி பார்த்துவிட்டாரா என்று அறியும் சாக்கில் அதையே மறுபடியும் மறுபடியும் வாசிக்கிறேன் என்பதும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டன. அவரோ ஒரு தடவை வாசித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்.

நான் எதிர்பாராதது வேறொன்று. எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து "மச்சான்", "நீ" என்று அழைத்த ஒருவனை, கணக்குத் தகராறு முற்றிய இரவில் "நீங்கள்" என்று எழுதத் தொடங்கியிருந்தேன். அடுத்த நாள் "உங்களைப் போன்ற ஆட்கள்" என்று எழுதினேன். அதற்குப் பின் வந்த வாரத்தில், மாரி மழையில் தன் சைக்கிள் பாரில் என்னை ஏற்றி வீடு கொண்டுவந்து விட்டவன் இவன்தான் என்பதை வலிந்து நினைத்தால்தான் நினைவுக்கு வந்தது. வசைச்சொல் எழுதிய நாட்களில்கூட மனம் இவ்வளவு தூரம் விலகியதாகக் கொப்பியில் இல்லை.

அனுப்பியதைப் பதினைந்து நிமிடங்களுக்குள் திருத்தும் வசதியை வட்ஸ்அப் அந்த வருடந்தான் தந்தது. அதைக் கொண்டு நான் தணித்த வாக்கியங்களை விடக் கூர்மையாக்கியவையே அதிகம். எல்லோருக்கும் அழித்துவிட்ட செய்திகளோ எனக்கு மனப்பாடமாக இருந்தன.

கொப்பியிலும் ஒரு பெரிய குறை உண்டு. வாக்கியங்களை அப்படியே படியெடுத்ததால், இரவில் ஒரு தடவை முடிந்த சண்டையைக் காலையில் மறுபடியும் போட்டேன். தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையில் குத்தியவர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களை விடக் கோபம் கூடுதலாக இருந்ததை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. என் கொப்பியும் அப்படியொரு குத்துப்பையாகவே இருந்தது என்பதை உணர எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. அதன்பின் வாக்கியத்தைப் படியெடுப்பதில்லை; "நீ" என்றேனா "நீங்கள்" என்றேனா, எத்தனை மணிக்கு, விடிந்ததும் என்ன நினைத்தேன், அவ்வளவுதான்.

வாக்குவாதத்தை நான் விட்டுவிடவில்லை. கணக்கில் பிழை இருந்தது உண்மை. அதைக் கேட்காமல் இருப்பது பெருந்தன்மை என்று எனக்குத் தோன்றவுமில்லை. போன கிழமை மறுபடியும் கேட்டேன்: "மச்சான், அந்தப் பற்றுச்சீட்டைத் தேடி அனுப்பு." பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை. கொப்பியில் இருப்பது இது: நீ. இரவு 9.40. காலையில், மழை இருட்டுகிறது, கொடியில் உடுப்புக் கிடக்கிறது.